பிரேக்கில் புகுந்தது காற்று. பழி விழுந்தது சாரதி மேல்



"சாரதியின் கவனயீனம்."

எமது தோட்ட அலுவலகத்தின் அறிவித்தல் பலகையில் இந்த இரண்டு சொற்களும் ஒட்டப்பட்ட நாளில், மேற்பிரிவு லயத்தில் ஒரு தாய் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். இன்னும் மூன்று பெண்களுக்குக் கையிலும் காலிலும் கட்டு. லொறியை ஓட்டிய சகோதரருக்கு வேலை இடைநிறுத்தக் கடிதம். அந்தக் கடிதத்திலும் இதே இரண்டு சொற்கள்தான்.

நடந்தது இதுதான். காலைப் பிரட்டு முடிந்ததும், மேற்பிரிவுப் பெண்கள் 19 பேரைக் கீழ்ப்பிரிவு மலைக்குக் கொழுந்தெடுக்க லொறியில் ஏற்றினார்கள். பெக்டரிக்குக் கொழுந்து கொண்டுபோகும் அதே பழைய லொறி. கோயிலடியைத் தாண்டி மூன்றாவது வளைவில் சாரதி பிரேக்கை மிதித்தார். மிதி தரையைத் தொட்டது, லொறி நிற்கவில்லை. இரண்டாம் கியரில் வந்த வண்டியை, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துக்கொண்டு, பள்ளத்துப் பக்கம் போகவிடாமல் மலைப்பக்க மண்திட்டில் மோதி நிறுத்தினார். யோசிக்க அவருக்குக் கிடைத்தது ஒரு மூச்சு நேரம். மறுபக்கம் திருப்பியிருந்தால், இந்த இதழில் கட்டுரைக்குப் பதில் 19 குடும்பங்களின் அஞ்சலிக் குறிப்புகள் வந்திருக்கும்.

கவனயீனம் நடந்தது உண்மைதான். யாருடைய கவனயீனம் என்பதே எமது கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, பிரேக் எப்படி வேலை செய்கிறது, அதற்குள் காற்று எப்படிப் புகுகிறது, புகுந்தால் என்ன அடையாளம் காட்டும் என்பதை நாம் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். அது கராஜ் பாஸ்மாரின் விஷயம் என்று ஒதுங்கினால், விசாரணை மேசையில் நிர்வாகம் சொல்வதை வாய் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

இரண்டு சிரிஞ்சுகள்

விபத்துக்குப் பிறகு கூடிய தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு நாம் மருந்துக்கடையில் வாங்கிய இரண்டு சிரிஞ்சுகளைக் கொண்டுபோனோம். ஊசி இல்லாத வெறும் சிரிஞ்ச். ஒன்றில் தண்ணீரை நிரப்பி, நுனியை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்தச் சொன்னோம். கவ்வாத்து வெட்டிக் காய்த்துப்போன கைகளால் அழுத்திப் பார்த்தார்கள், அசையவில்லை. மற்றதில் காற்று மட்டும். அதே அழுத்தலுக்குப் பாதி தூரம் உள்ளே போனது. கையை எடுத்ததும் திரும்பி வந்தது. பிறகு தண்ணீர் சிரிஞ்சுக்குள் ஒரு காற்றுக் குமிழியை விட்டோம். இப்போது அதுவும் மெத்தென்று அமுங்கியது. முன்வரிசையில் இருந்த ஒரு தாத்தா, "அடுப்பு ஊதுற குழலா ஆகிப் போச்சே வாத்தியாரே" என்றார்.

லொறியின் பிரேக்கும் அந்தத் தண்ணீர் சிரிஞ்ச்தான். சாரதி மிதியை மிதிக்கும்போது, மாஸ்டர் பம்புக்குள் இருக்கும் பிரேக் ஒயில் தள்ளப்படுகிறது. மூடிய குழாய்களுக்குள் இருக்கும் திரவத்தை ஒரு முனையில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் போகும். 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் சொன்ன விதி இது. அந்த அழுத்தம் ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள வீல் சிலிண்டருக்குப் போய், லைனிங்கைத் தள்ளி, சுழலும் டிரம்மைப் பிடித்து நிறுத்துகிறது. காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருப்பது சிறிதளவு எண்ணெய்தான். அது அமுங்காத பொருள் என்பதில்தான் 19 பேரின் உயிர் தங்கியிருந்தது.

அதற்குள் காற்று புகுந்துவிட்டால், சாரதி மிதிக்கும் மிதி காற்றை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடும். சக்கரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய பலம் வழியில் நின்றுவிடும். கராஜில் இதைத்தான் "பிரேக்கில் எயார் பிடித்துவிட்டது" என்கிறார்கள். புதிய வாகனங்களில் இந்தக் குழாய் இரண்டு தனி வழிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்று போனாலும் மற்றது ஓரளவு பிடிக்கும். எமது லொறி போன்ற பழைய வண்டிகள் சிலவற்றில் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே வழி. ஓரிடத்தில் புகுந்த காற்று முழு பிரேக்கையும் செயலிழக்க வைக்கும்.

ஒரு விடயத்தை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். பெரிய பஸ்களிலும் கனரக லொறிகளிலும் இருப்பது காற்று பிரேக். அங்கே டாங்கியில் நிரப்பிய காற்றுதான் வேலைக்காரன். டாங்கியில் சேரும் தண்ணீர்தான் எதிரி. நாம் இங்கே பேசுவது சிறிய லொறி, வேன், ஜீப், கார் ஆகியவற்றில் இருக்கும் ஒயில் பிரேக்கைப் பற்றி.

காற்று எந்த வழியால் வருகிறது?

மூடிய குழாய்க்குள் காற்று சும்மா வராது. அது வருவதற்குச் சில வழிகள்தான் உண்டு.

முதலாவது, மாஸ்டர் பம்புக்கு மேலுள்ள ஒயில் டப்பா வற்றுவது. அளவு கீழே போனால் பம்ப் ஒயிலோடு காற்றையும் இழுக்கும். லைனிங் தேயத் தேய ஒயில் மெதுவாகச் சிறிது இறங்குவது வழமை. அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, தேய்ந்த ரப்பர். வீல் சிலிண்டருக்குள்ளும் மாஸ்டர் பம்புக்குள்ளும் சிறிய ரப்பர் வாசர்கள் இருக்கின்றன. அவை தேய்ந்தால் ஒயில் வெளியே கசியும். அந்த இடத்துக்குக் காற்று வந்து சேரும்.

மூன்றாவது, அரைகுறைத் திருத்தம். குழாயைக் கழற்றிப் பூட்டிய பிறகு உள்ளே நின்ற காற்றை முழுதாக எடுக்காமல் வண்டியை வெளியே விடுவது.

நான்காவது, கிழட்டு ஒயில். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. மழையும் பனியும் நிறைந்த மலையில் இதை மறக்கவே கூடாது. டொட் 3 என்று போத்தலில் எழுதியிருக்கும் ஒயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது அதற்கான தரம். ஈரம் ஏறிய பிறகு அதற்குள்ள எல்லை 140 பாகைதான். டொட் 4 ஒயிலுக்கு 230ம் 155ம். கொதித்தால் உள்ளே ஆவிக்குமிழி உண்டாகும். அதுவும் காற்றைப் போலவே அமுங்கும்.

இறக்கத்தில் எவ்வளவு சூடு பிறக்கிறது என்று வகுப்பறைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஆட்களோடும் சுமையோடும் 5,000 கிலோ நிறையுள்ள லொறி 300 மீற்றர் உயரம் கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தின் சக்தி முழுவதும் பிரேக்கில் சூடாக மாறினால், அது 40 லீற்றருக்கும் அதிகமான பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். வீட்டில் நாம் தண்ணீர் பிடிக்கும் பெரிய கலனைத் தேநீர்க் கேத்தலாக நினைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் இறக்கத்தில் சின்ன கியரில் போகச் சொல்கிறார்கள். சூட்டில் ஒரு பங்கை இயந்திரம் சுமக்கும். அதனால்தான் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றச் சொல்கிறார்கள்.

இன்னும் ஒன்று உண்டு. அதை நாமே பார்த்திருக்கிறோம். ஒயில் இல்லை என்றால் கையில் கிடைத்ததை ஊற்றுவது. தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். எமது மலை உயரத்தில் அதற்கும் முன்பே கொதிக்கும். என்ஜின் ஒயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும்.

இந்த வழிகளைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். ஒயில் வாங்கித் தருவது யார்? ரப்பர் மாற்றப் பணம் ஒதுக்குவது யார்? வண்டியைக் கராஜில் விட நாள் கொடுப்பது யார்? இதில் எந்த அதிகாரம் சாரதியின் கையில் இருக்கிறது?

பிரேக் முன்கூட்டியே பேசும்

பிரேக் திடீரென்று போனது என்று சொல்வார்கள். குழாய் வெடித்தால் திடீரென்று போகலாம். எமது லொறியில் நடந்தது போல, கசிவால் மெல்ல மெல்லப் புகும் காற்று நாட்கணக்கில், வாரக்கணக்கில் அடையாளம் காட்டும். அந்த அடையாளங்களை எமது சாரதிகள் காலால் அறிவார்கள். மற்றவர்களும் அறிந்துகொள்ளுங்கள்.

மிதி பஞ்சு போல, மெத்தை போல மெத்தென்று போகிறதா? முதல் மிதியில் கீழே போய், இரண்டு மூன்று தடவை விட்டுவிட்டு மிதித்தால் மேலே வந்து இறுகுகிறதா? காற்றுப் புகுந்ததற்கான முதல் அடையாளம் இது.

மெத்தென்று இல்லாமல் நல்ல இறுக்கமாக, ஆனால் மிகக் கீழே வந்துதான் பிடிக்கிறதா? லைனிங் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். டிரம்மைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

காலை எடுக்காமல் ஒரே அழுத்தில் வைத்திருக்கும்போது மிதி மெதுவாக இறங்கிக்கொண்டே போகிறதா? ஒயில் வெளியே ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் பம்பின் ரப்பர் உள்ளே தேய்ந்துவிட்டது.

காலையில் நன்றாக இருந்த மிதி, நீண்ட இறக்கத்தின் அடியில் மெத்தென்று போய், ஆறிய பிறகு பழையபடி ஆகிறதா? ஒயில் கொதித்திருக்கிறது. மிதி இறுக்கமாகவே இருந்தும் வண்டி நிற்காமல், தீய்ந்த மணம் வருகிறதா? லைனிங் சூடேறிப் பிடியை விட்டுவிட்டது. இரண்டும் வேறு வேறு. இரண்டிலும் வண்டியை ஓரம் கட்டி ஆற விட வேண்டும்.

மிதி கல் போல இறுகி, பலமாக மிதித்தால்தான் பிடிக்கிறதா? அது காற்றல்ல. மிதிக்கு உதவி செய்யும் பூஸ்டர் வேலை செய்யவில்லை.

டயரின் உட்பக்கத்தில் ஈரம் தெரிகிறதா? தண்ணீரா ஒயிலா என்று ஒரு விரலால் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பழுதைத் திருத்துவதும் பெரிய வித்தையல்ல. கசியும் ரப்பரை மாற்ற வேண்டும். பிறகு எயார் எடுக்க வேண்டும். ஒருவர் மிதியை மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் சக்கரத்தில் உள்ள நிப்பிளைத் திறப்பார். ரியூப் வழியாக ஒயிலும் குமிழியும் போத்தலுக்குள் வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் வெளிக்காற்றைத் திரும்ப உறிஞ்சிவிடும். அனேகமான வாகனங்களில் மாஸ்டர் பம்புக்கு மிகத் தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்கி, குமிழி வருவது முற்றாக நிற்கும் வரை ஒவ்வொரு சக்கரமாகச் செய்வார்கள். டப்பாவில் ஒயில் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியே வந்த ஒயிலைத் திரும்ப ஊற்றக்கூடாது.

ஒரு போத்தல் ஒயில், சில ரப்பர்கள், ஒரு துண்டு ரியூப், ஒரு ஸ்பேனர், இரண்டு பேரின் அரைநாள் வேலை. ஒரு தாயின் இடுப்பெலும்புக்கு எதிர்ப்பக்கத் தட்டில் நிர்வாகம் வைத்துப் பார்த்தது இவ்வளவுதான்.

மூன்று தடவை சொன்னார்

இனி எமது சாரதிச் சகோதரர் என்ன செய்தார் என்று பார்ப்போம்.

விபத்துக்கு மூன்று வாரங்களுக்கு முன், "ஐயா, பெடல் பஞ்சு மாதிரி போகுது" என்று பொறுப்பான உத்தியோகத்தரிடம் சொன்னார். "ஒயில் ஊத்திப் பாரு" என்பது பதில். ஊற்றினார். ரன்னிங் சார்ட்டிலும் எழுதினார்.

பத்து நாள் கழித்து டப்பாவில் மீண்டும் ஒயில் இறங்கியிருந்தது. பின் இடது சக்கரத்தின் உட்பக்கம் ஈரம். இரண்டாம் முறையும் சொல்லி, எழுதி வைத்தார். "மாசக் கடைசியில் பார்ப்போம்" என்பது பதில்.

விபத்துக்கு நான்கு நாட்களுக்கு முன், முதல் மிதி தரைக்கே போகிறது, மூன்று தடவை மிதித்தால்தான் பிடிக்கிறது என்று மூன்றாம் முறையாகச் சொன்னார். "கொழுந்து கூடின நேரம், லொறியை நிப்பாட்ட ஏலாது" என்பது பதில்.

மோதிய லொறியைக் கராஜில் பிரித்தபோது எமது கமிட்டி உறுப்பினர் இருவர் பக்கத்தில் நின்றார்கள். பின் இடது வீல் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்து ஒயில் ஒழுகியிருந்தது. டப்பாவில் ஒயில் குறைந்தபட்சக் கோட்டுக்கும் கீழே. ஒயில் கறுத்திருந்தது. நிப்பிளைத் திறந்ததும் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. சாரதி மூன்று வாரமாகக் காலால் அறிந்து வாயால் சொன்னதை, அந்தப் போத்தலும் சொல்லிவிட்டது.

குற்றப்பத்திரிகையில் இதில் ஒரு வரிகூட இல்லை. ரன்னிங் சார்ட்டைக் காட்டுங்கள் என்று கேட்டோம். முதலில் காணவில்லை என்றார்கள். எழுத்தில் கேட்ட பிறகு வந்தது. மூன்று இடத்தில் சாரதியின் எழுத்து. மூன்றுக்கும் பக்கத்தில் "பார்த்தேன்" என்பதற்கான சிறு ஒப்பம். பார்த்தவர் பெயர் பலகையில் வரவில்லை. சொன்னவர் பெயர் மட்டும் வந்திருக்கிறது.

அவர்கள் சொல்வதும் எமது பதிலும்

"பிரேக் சரியில்லை என்று தெரிந்தும் ஏன் ஓட்டினார்?" என்று கேட்கிறார்கள். ஓட்ட மாட்டேன் என்று சொன்னால் அன்று அவருக்குப் பேர் உண்டா என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். கீழ்ப்படியாமை என்று கடிதம் வராது என்று யார் எழுதித் தருவார்கள்? ஓட்டினால் கவனயீனம், ஓட்டாவிட்டால் கீழ்ப்படியாமை. எந்தப் பக்கம் போனாலும் குற்றவாளி அவர்தான் என்றால், அந்த விசாரணை எதற்கு?

"லொறிக்கு லைசன்ஸ் இருக்கிறது, புகைப் பரிசோதனையும் செய்தாயிற்று" என்கிறார்கள். புகைப் பரிசோதனை புகையைத்தான் பார்க்கும். வீல் சிலிண்டரைப் பார்க்காது. ஒரு வண்டி ஒருநாள் தேறியது என்பதால், அதன் ரப்பர் அடுத்த மாதமும் தேயாது என்று ஆகிவிடாது. 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுபவரை மட்டும் பார்த்து எழுதப்பட்டதல்ல. வாகனத்தை ஓடும் நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளருக்கு உண்டு.

"மலைப்பாதை அப்படித்தான், விபத்து நடக்கும்" என்கிறார்கள். மலைப்பாதை நேற்று முளைத்ததல்ல. பாதை செங்குத்தானது என்று தெரிந்த நிர்வாகம் பிரேக்கை மற்றவர்களைவிடக் கூடுதலாக அல்லவா பார்க்க வேண்டும்? 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல இறக்கத்தில் பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒன்று வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி 7 பேர் இறந்ததை இந்த மலையகம் மறக்கவில்லை. எமது சனம் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. இறக்கத்தில் வண்டி கட்டுப்பாட்டை இழந்தால் என்ன நடக்கும் என்று இனிமேல் யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

"சாரதியின் பிழை என்பதால் காயப்பட்டவர்களுக்கு நட்டஈடு பற்றிப் பிறகு பார்ப்போம்" என்றும் மெதுவாக ஒரு பேச்சு வந்திருக்கிறது. தாய்மார்களே, இதை நம்பி எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது வேலையின் காரணமாக ஏற்பட்ட காயத்துக்கு வேலை கொடுப்பவரைப் பொறுப்பாக்குகிறது. வேலைக்கு வந்து, பிரட்டில் பேர் கொடுத்து, நிர்வாகத்தின் லொறியில், நிர்வாகம் அனுப்பிய மலைக்குப் போகும் வழியில் விழுந்த காயம் இது. கூட வேலை செய்யும் ஒருவர் பிழை விட்டிருந்தால்கூட உங்கள் உரிமை அதனால் போய்விடாது. சாரதியைக் குற்றவாளியாக்கி, காயப்பட்டவர்களை அவர் மேல் கோபப்பட வைத்து, எம்மை இரண்டாகப் பிரிக்கும் வேலைக்கு நாம் இடம் கொடுக்கப் போவதில்லை.

எமது பக்கக் குறையும் உண்டு

நிர்வாகத்தை மட்டும் சொல்லி முடித்தால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது.

லொறியின் பிரேக் பிழை என்பது மேற்பிரிவில் பலருக்கும் தெரியும். "நம்ம அண்ணே மூணு மிதி மிதிச்சு நிப்பாட்டிருவாரு" என்று நாமே பெருமையாகப் பேசினோம். பழுதான வண்டியை ஓட்டும் கெட்டித்தனத்தைப் புகழ்ந்தோம். பழுதைத் திருத்தச் சொல்லிக் கேட்கவில்லை. லொறி நின்றால் கீழ்ப்பிரிவுக்கு நடந்து போக வேண்டும். பிந்திப் போனால் அரைப்பேர். அந்தப் பயத்தில் அன்று காலையிலும், "ஏறுங்க, போவம்" என்று முந்திக்கொண்டு ஏறியவர்கள் நாம்தான். இதைச் சொல்வது அந்தத் தாய்மாரைக் குறை சொல்வதற்காக அல்ல. அரைப்பேர் என்ற கத்தி தலைக்கு மேலே தொங்கும்போது யாரும் பிரேக்கைப் பற்றிக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதை நிர்வாகம் நன்றாக அறிந்து வைத்திருக்கிறது.

சங்கமும் தப்ப முடியாது. மூன்று வாரத்தில் இரண்டு கமிட்டிக் கூட்டம் நடந்தது. சந்தாவைப் பற்றிப் பேசினோம், திருவிழாவைப் பற்றிப் பேசினோம். சாரதியின் முறைப்பாடு எம்மிடமும் வந்தது. "சொல்லியிருக்காருதானே" என்று விட்டுவிட்டோம். அவர் மிதித்த மிதி சக்கரத்துக்குப் போகாதது போல, அவர் சொன்ன சொல்லும் நடுவழியில் நின்றது. அந்தக் குழாயில் காற்றாக இருந்தவர்களில் நாமும் உண்டு.

பாடசாலை வேன்களையும் பாருங்கள். எமது வகுப்பறைக்கு வரும் பிள்ளைகளில் பலர் அவற்றில்தான் வருகிறார்கள். மாதக் கட்டணம் எவ்வளவு என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறோம். கடைசியாகப் பிரேக் ஒயில் மாற்றியது எப்போது என்று கேட்டவர் யார்? வேன்காரரும் எம்மைப் போலக் கஷ்டப்படுபவர்தான். பெற்றோர் சேர்ந்து கேட்டால் அவர் கோபிக்க மாட்டார். கட்டணத்தில் சிறு தொகையை அதற்கென்று ஒதுக்கக்கூட நாம் பேசலாம்.

எமது கோரிக்கைகள்

1. சாரதிச் சகோதரரின் இடைநிறுத்தம் உடனடியாக நீக்கப்பட வேண்டும். இடைநிறுத்தக் காலச் சம்பளம் முழுதாகக் கொடுக்கப்பட வேண்டும். கராஜில் கண்ட பழுதும் ரன்னிங் சார்ட்டின் மூன்று பதிவுகளும் விசாரணையில் சாட்சியமாக ஏற்கப்பட வேண்டும்.

2. காயப்பட்ட நால்வருக்கும் சட்டப்படியான நட்டஈடு கிடைக்க, நிர்வாகம் உரிய பத்திரங்களை இழுத்தடிக்காமல் அனுப்ப வேண்டும்.

3. ஆட்களை ஏற்றும் ஒவ்வொரு வாகனத்துக்கும் இரட்டைப் பிரதிப் பழுதுப் புத்தகம் வேண்டும். ஒரு பிரதி அலுவலகத்துக்கு, மற்றது தோட்டக் கமிட்டிக்கு. பிரேக், ஸ்டியரிங், டயர் பற்றி எழுதப்பட்டால், திருத்திய திகதியும் திருத்தியவர் ஒப்பமும் வரும்வரை அந்த வாகனத்தில் ஆட்களை ஏற்றக்கூடாது.

4. வாகனம் நிறுத்தப்பட்ட நாளில் நடந்து போகும் தொழிலாளிக்கு முழுப்பேர் வேண்டும். பழுது என்று சொல்லி ஓட்ட மறுத்த சாரதிக்கும் முழுப்பேர் வேண்டும். இந்தக் கோரிக்கை நிறைவேறாமல் மற்ற எதுவும் நடைமுறைக்கு வராது.

5. பிரேக் ஒயில் மாற்றிய திகதியும் அடுத்து மாற்ற வேண்டிய திகதியும் வாகனத்துக்குள் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் எழுதப்பட வேண்டும்.

கோரிக்கை கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலையிலிருந்தே எமது சாரதிகள் ஒரு வேலையைத் தொடங்கலாம். ஆட்கள் ஏறும் முன், வண்டி நிற்கும்போது மிதியை மிதித்துப் பாருங்கள்: மெத்தென்று போகிறதா? மூன்று தடவை மிதித்தால் உயர்கிறதா? அழுத்தி முப்பது எண்ணும் வரை வைத்திருங்கள்: இறங்குகிறதா? டப்பாவையும் நான்கு சக்கரத்தின் உட்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். ஐந்து நிமிடம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது. பிழை கண்டால் பிரட்டுக்களத்திலேயே சத்தமாகச் சொல்லுங்கள். எல்லோரும் கேட்டதை யாரும் பிறகு மறைக்க முடியாது. ஏறப்போகும் தாய்மார்களே, தலைவிமார்களே, நீங்களும் கேளுங்கள்: "அண்ணே, பெடல் எப்படி?" அவர் தயங்கினால் ஒருவரும் ஏற வேண்டாம். ஒருவர் ஏறாமல் நின்றால் அது பிடிவாதம் என்பார்கள். 19 பேரும் கீழே நின்றால், கராஜுக்கு வண்டியை அனுப்புவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை.

விசாரணையின் அடுத்த அமர்வு வரும் மாதம் நடக்கும். திகதியைத் தோட்டத் தலைவர்கள் பிரட்டில் அறிவிப்பார்கள். மேற்பிரிவும் கீழ்ப்பிரிவும், காயப்பட்ட குடும்பங்களும் சாரதியின் குடும்பமும், எல்லோரும் அலுவலக வாசலுக்கு வர வேண்டும். அன்று அந்த மேசையில் நாம் இரண்டு பொருட்களை வைப்போம்: ஒன்று, மூன்று ஒப்பங்கள் உள்ள ரன்னிங் சார்ட். மற்றது, கராஜிலிருந்து கொண்டுவந்த கறுத்த பிரேக் ஒயில் போத்தல்.

கவனயீனம் யாருடையது என்பதை அந்த இரண்டையும் பார்த்துச் சொல்லட்டும்.